எதையும் தாங்காத உத்தரம்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இது கொஞ்சம் நீளமான பதிவு, அதனால ஒரு காபி போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

போன ஈஸ்டர் சமயத்துல வழக்கம்போல கிளீவ்லாண்ட் தியாகராஜ ஆராதனைக்குப் போயிருந்தோம். 1978ல ஆரம்பிச்சு வருஷா வருஷம் நடக்கிற விழா. தங்கமணிக்குக் கச்சேரி, எனக்குச் சாப்பாடு. (உண்மையை ஒத்துக்கிறதுல என்ன வெக்கம்?) கொலம்பஸ்லேருந்து கார்ல ரெண்டு, ரெண்டரை மணி நேரம். தங்குறது எப்பவும் என் காலேஜ் நண்பன் வீட்டுலதான். கிளீவ்லாண்டுக்குக் கிழக்கே ஒட்டினாப்புல இருக்கிற ஷேக்கர் ஹைட்ஸ்ல ஒரு பழைய வீடு வாங்கியிருக்கான். 1927ல கட்டினது.

அந்த வீட்டை நீங்க பார்க்கலைன்னாலும் பார்த்திருப்பீங்க. பழைய இங்கிலீஷ் படத்துல வருமே, அந்த மாதிரி. செங்குத்தா இறங்குற கூரை, முன்னால பெரிய முக்கோண முகப்பு, அந்த முக்கோணத்துல வெள்ளைச் சுவர், வெள்ளைச் சுவர்ல குறுக்கும் நெடுக்குமா கறுப்பு மரச் சட்டங்கள். ஓரத்துல ஒரு ராட்சசப் புகைபோக்கி. சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால கோத்த ஜன்னல். ஷேக்ஸ்பியர் குடியிருந்த வீடுன்னு யாராச்சும் சொன்னா நம்பிடுவோம். அந்தத் தெருவுல பாதி வீடு இப்படித்தான்.

இந்தத் தடவை கும்பகோணத்துலேருந்து நண்பனோட அப்பா வந்திருந்தார். பொதுப்பணித் துறையில எஞ்சினியரா இருந்து ஓய்வு பெற்றவர். அவரால ஒரு கட்டடத்தைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியாது. தட்டிப் பார்ப்பார், ரசமட்டம் இல்லாமலேயே கண்ணால மட்டம் பார்ப்பார். காலையில காபி டம்ளரோட வாசல்ல நின்னு மேல பார்த்துக்கிட்டே இருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வாடா. அந்தச் சட்டம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பாரு. கீழ எதுலயாச்சும் உக்காருதா?"

பார்த்தேன். உக்காரலை. செங்கல் சுவருக்கு மேல ஒரு இடத்துல சும்மா ஆரம்பிக்குது, கூரைக்குக் கீழ சும்மா முடியுது.

"இது உத்தரமும் இல்ல, தூணும் இல்ல. வேஷம்" அப்படின்னார்.

நண்பன் சிரிச்சுக்கிட்டே கராஜுக்குள்ள போய் ஒரு பலகைத் துண்டை எடுத்துட்டு வந்தான். போன வருஷம் மழைத்தண்ணி இறங்கி ஒரு சட்டம் உளுத்துப்போச்சாம், ஆளை வெச்சுக் கழட்டி மாத்தியிருக்கான். அதோட மிச்சம். தெருவிலேருந்து பார்த்தா அரை ஆள் கனம் இருக்கும்னு தோணுற அந்த "உத்தரம்" கையில வாங்கினா ஒரு அங்குலம்தான் தடிமன். பின்பக்கம் ஆணி ஓட்டை.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இவ்வளவு பணம் போட்டுக் கட்டினவன் இந்தப் பலகையை எதுக்கு ஒட்டினான்?"னு கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

முதல்ல அசல்

டியூடர் வம்சம் இங்கிலாந்தை ஆண்டது 1485லேருந்து 1603 வரைக்கும். அந்தக் காலத்து மர வீடுகள்ல சட்டம் அலங்காரம் கிடையாது, அதுதான் வீடே. பச்சை ஓக் மரத்தை அறுத்து, ஒரு கட்டையில துளை போட்டு இன்னொரு கட்டையோட முனையை அதுல செருகி, மர ஆணி அடிச்சு இறுக்கி, ஒரு பெரிய கூண்டு மாதிரி நிக்க வெப்பாங்க. மொத்த பாரமும் அந்தக் கூண்டு மேல. நடுவுல இருக்கிற சந்தை அடைக்கக் குச்சி பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் கலந்து அப்பி, மேல சுண்ணாம்பு பூசுவாங்க. நம்மூர்ல வரிச்சு கட்டி மண் பூசுற சுவர் இருக்கே, அதேதான். அப்பாகிட்ட இதைச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்படிச் சொல்லு! எங்க தாத்தா வீட்டு மாட்டுக்கொட்டா சுவர்" அப்படின்னார்.

செஷயர்ல லிட்டில் மோர்டன் ஹால்னு ஒரு மாளிகை இருக்கு. 1500களோட தொடக்கத்துல ஆரம்பிச்சு நூறு வருஷத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமாக் கட்டினது. கோணல் மாணலா, எப்ப விழுமோன்னு பயமுறுத்துற மாதிரி இருக்கும், ஆனா இன்னும் நிக்குது. சட்டம் சட்டமா வேலை செய்யுறதாலதான் நிக்குது.

அந்த ஈயச் சட்டத்துச் சின்னக் கண்ணாடியும் அழகுக்காக வந்தது இல்லை. பெரிய கண்ணாடி செய்யத் தெரியாத காலம். சின்னத் துண்டாத்தான் கிடைக்கும், ஒட்டுப் போட்டுத்தான் ஜன்னல் ஆக்கணும்.

அப்புறம் நல்ல ஓக் மரம் அரிதாச்சு, செங்கல் மலிவாச்சு. 1666ல லண்டன் எரிஞ்சதும், இனிமே நகரத்துக்குள்ள செங்கல்லோ கல்லோதான்னு சட்டமே போட்டாங்க. மர வீடு பட்டிக்காட்டு வீடாப் போச்சு. பணம் இருந்தவங்க அதை மறைக்க முன்னால செங்கல் முகப்பு வெச்சாங்க. ஒரு காலத்துல மரத்தை மறைக்கச் செங்கல், பின்னொரு காலத்துல செங்கல்லை மறைக்க மரம்! மனுஷப் பய புத்தியை என்ன சொல்ல?

அப்புறம் நகல்

1860கள். இங்கிலாந்து முழுக்க ஆலைப் புகை. ரயில், நிலக்கரி, இரும்பு. அதுல பணம் பண்ணினவங்களுக்குப் புகை தெரியாத ஊர்ல, புகைக்கு முந்தின காலத்து வீடு வேணும்னு ஆசை. அந்த ஆசைக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவங்கள்ல முக்கியமானவர் ரிச்சர்ட் நார்மன் ஷா. அவரும் அவரோட கூட்டாளி வில்லியம் ஈடன் நெஸ்ஃபீல்டும் கிராமத்துப் பழைய வீடுகளைப் போய்ப் பார்த்து வரைஞ்சு, உயரமான புகைபோக்கி, ஓடு பதிச்ச சுவர், மரச்சட்ட முகப்புன்னு ஒரு பாணியை உருவாக்கினாங்க. "பழைய ஆங்கில" பாணின்னு பேரும் வந்துச்சு.

இதோட உச்சம் நார்தம்பர்லாண்டுல இருக்கிற கிராக்சைட். 1869லேருந்து ஷா பெருசாக்கிக் கட்டின மாளிகை. சொந்தக்காரர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். பீரங்கி செஞ்சு வித்துப் பெரிய ஆளானவர். வெளியே பார்த்தா காட்டுக்குள்ள பழங்காலத்து மரமுகப்பு. உள்ளே? நீர்மின்சாரத்துல விளக்கு எரிஞ்ச உலகத்தோட முதல் வீடு அதுதான். 1878ல ஆர்க் விளக்கு, 1880ல ஜோசப் ஸ்வானோட பல்பு. காலத்துக்கு முன்னால ஓடினவர் தன் வீட்டுக்கு முந்நூறு வருஷத்துக்கு முந்தின முகமூடி மாட்டியிருக்கார். ஷா கட்டின வீடுகள்லயே நிறைய இடத்துல அந்த மரம் செங்கல் மேல ஒட்டினதுதான்.

இன்னொரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கறுப்பு - வெள்ளை இருக்கே, அதுவே டியூடர் காலத்து வழக்கம் இல்லை. அப்ப ஓக் மரத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டுடுவாங்க; வெயில் மழையில வெளுத்துச் சாம்பல் நிறமாயிடும். இல்லைன்னா சுவரோட சேர்த்து அது மேலயும் சுண்ணாம்பு அடிச்சுடுவாங்க. மரத்துக்குப் பளிச்சுன்னு கறுப்பு அடிச்சதெல்லாம் பெரும்பாலும் விக்டோரியா ராணி காலத்து மோஸ்தர். செஸ்டர் நகரத்துல டூரிஸ்டுங்க போட்டோ எடுத்துத் தள்ளுற கறுப்பு - வெள்ளைக் கட்டடங்கள்ல நிறைய 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஆக, என் நண்பன் வீடு அசலோட நகல் இல்லை. நகலோட நகல்.

கப்பல் ஏறின கதை

ஷாவோட வரைபடங்கள் 1870கள்ல இங்கிலாந்துப் பத்திரிகைகள்ல அச்சாகி அட்லாண்டிக்கைத் தாண்டிச்சு. ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன்னு பெரிய அமெரிக்கக் கட்டடக்கலைஞர், நியூபோர்ட்ல வாட்ஸ் ஷெர்மன் வீட்டை (1874–76) அதே பாணியில கட்டினார். 1876ல பிலடெல்பியாவுல அமெரிக்காவோட நூற்றாண்டுப் பொருட்காட்சி நடந்தப்ப, பிரிட்டிஷ் அரசு தன்னோட கட்டடத்தை மரச்சட்ட பாணியிலதான் போட்டுக் காட்டுச்சு. இங்கிலாந்துக்காரனை எதிர்த்துச் சண்டை போட்டு நூறு வருஷம் ஆனதைக் கொண்டாட வந்த கூட்டம், இங்கிலாந்துக்காரன் வீட்டைப் பார்த்துச் சொக்கிப்போச்சு!

முதல்ல கோபுரம், சுத்துத் தாழ்வாரம்னு "குயின் ஆன்" பாணி பரவுச்சு. (ஆன் ராணி 1714லயே போய்ச் சேர்ந்தாச்சு. அவங்களுக்கும் இந்த வீடுகளுக்கும் பேர்ப் பொருத்தம்கூடக் கிடையாது.) 1900க்கு மேல டியூடர் பாணி வேகம் பிடிச்சது, 1920கள்ல மழைக்காளான் மாதிரி முளைச்சது. அதுக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. முதல் உலகப் போருக்கு அப்புறம், உள்ள மரச் சட்டம் போட்டு வீட்டைக் கட்டிட்டு, வெளியே ஒரே ஒரு வரிசை செங்கல்லை மெல்லிசாப் போர்த்துற வேலை மலிவாச்சு. நடுத்தர வர்க்கத்துக்கும் "கோட்டை" கட்டுப்படியாச்சு. மேல முக்கோணத்துல சிமெண்ட் பூச்சு, அதுல அங்குலப் பலகை, நாலு ஆணி. முடிஞ்சுது டியூடர். பெரிய கண்ணாடி தாராளமாக் கிடைச்ச காலத்துல அதை மெனக்கெட்டுச் சின்னத் துண்டா வெட்டி ஈயத்துல கோத்தாங்க. வீடு சூடாக பாய்லர் இருந்தும் ராட்சசப் புகைபோக்கி கட்டினாங்க.

இங்கிலாந்துலயும் இதே கதைதான். ரெண்டு போருக்கும் நடுவுல அங்க சுமார் 40 லட்சம் வீடு கட்டினாங்க, அதுல எக்கச்சக்கமான வீடுகள் நெத்தியில பலகை ஒட்டின போலி டியூடர். ஆஸ்பர்ட் லங்காஸ்டர்னு ஒரு கேலிச்சித்திரக்காரர் 1938ல இதுக்கு "பங்குத் தரகர் டியூடர்"னு பேர் வெச்சார். பங்குச் சந்தையில சம்பாதிச்சவன் பரம்பரைப் பிரபு வேஷம் கட்டுறான்னு அர்த்தம்.

ஆங்கிலேயன் போன மலையெல்லாம் இந்த வீடும் போச்சு. மலேசியாவுல கேமரன் மலை, இலங்கையில நுவரெலியா. நுவரெலியா தபால் நிலையத்தை போட்டோவுல பார்த்திருப்பீங்க, அதுவும் இந்தச் சாயல்தான். அந்தக் குளிர்ல தேயிலை கிள்ளின நம்ம சனம் இருந்தது லயத்துல. மேல டியூடர் பங்களா, கீழ லயம். அது தனிப் பதிவு போடவேண்டிய கதை. இப்ப ஒஹையோவுக்கே திரும்பிடுவோம்.

ஆராதனைக்கு நடுவுல ஒருநாள் அப்பாவை அக்ரான் கூட்டிட்டுப் போனோம். அங்க ஸ்டான் ஹைவெட் ஹால் இருக்கு. குட்இயர் டயர் கம்பெனியைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான ஃபிராங்க் சீபர்லிங் 1912லேருந்து 1915க்குள்ள கட்டின 65 அறை மாளிகை. சார்ல்ஸ் ஷ்னைடர்னு கட்டடக்கலைஞர். குடும்பமா இங்கிலாந்து போய்ப் பழைய மாளிகைகளைப் பார்த்துட்டு வந்து கட்டினாங்க. பேரே பழைய ஆங்கிலம், கல் வெட்டுற இடம்னு அர்த்தம். இவ்வளவுக்கும் சீபர்லிங்ங்கிறது ஜெர்மன் பேர்! 1921ல அவர் கையை விட்டு குட்இயர் போயிடுச்சு. 1957ல பிள்ளைங்க வீட்டைப் பொதுவுக்கு விட்டுட்டாங்க, இப்ப அது அருங்காட்சியகம். அப்பா அங்கயும் தட்டிப் பார்க்கப் போய், காவலாளி முறைச்சதுதான் மிச்சம் :-)

ஷேக்கர் ஹைட்ஸ்

இப்பதான் மேட்டருக்கே வர்றேன்.

ஷேக்கர்னா யாரு? 1774ல மான்செஸ்டர்லேருந்து அமெரிக்கா வந்த ஆன் லீங்கிற அம்மாவைப் பின்பற்றின கிறிஸ்தவக் கூட்டம். கல்யாணம் கிடையாது, தனிச்சொத்து கிடையாது, ஆடம்பரம் அறவே கிடையாது. 1822ல அவங்க இந்த இடத்துல ஒரு குடியிருப்பு ஆரம்பிச்சு, ஆள் குறைஞ்சு 1889ல மூடிட்டாங்க. வேடிக்கையைப் பாருங்க: வேர் நிஜமாவே இங்கிலாந்துல இருந்த அந்தக் கூட்டம் இந்த மண்ணுல கட்டினது மொட்டையான, நகாசு இல்லாத வீடுகளை.

அந்த நிலத்தை 1905லேருந்து வாங்கிப் போட்டவங்க வான் ஸ்வெரிஞ்சன் சகோதரர்கள், ஓ.பி., எம்.ஜே. பேர்ல டச்சு வாசனை. ரெண்டு பேரும் கட்டைப் பிரம்மச்சாரி. எட்டாம் வகுப்போட படிப்பை விட்டவங்க. ஊருக்குள்ள வேலைக்குப் போற கனவான்களுக்கு ஊருக்கு வெளியே சொர்க்கம் கட்டணும்னு ஒரு வெறி. போய்வர ரயில் வேணுமேன்னு பார்த்து, அதுக்காக 1916ல ஒரு ரயில்வே கம்பெனியையே வாங்கினாங்க. 1920ல ஷேக்கர் ஹைட்ஸ்லேருந்து கிளீவ்லாண்டுக்குள்ள ரயில் ஓட ஆரம்பிச்சது. கிளீவ்லாண்ட் நடுவுல நிக்குதே 52 மாடி டெர்மினல் டவர், அதுவும் இவங்க வேலைதான். தங்களோட சொந்த வீட்டை 1924ல பிலிப் ஸ்மால்ங்கிற கட்டடக்கலைஞரை வெச்சு டியூடரா மாத்திக்கிட்டாங்க.

இங்க நினைச்சபடி யாரும் வீடு கட்ட முடியாது. கம்பெனி வரைபடத்தைப் பார்த்து ஒத்துக்கணும். மூணு பாணி உசத்தின்னு சொன்னாங்க: ஆங்கிலம், பிரெஞ்சு, பழைய அமெரிக்கக் காலனி. எந்தப் பாணிக்கு என்ன நிறம்ங்கிறதுகூட விதியில இருந்துச்சு. ரெண்டு குடித்தன வீடுங்களை (நண்பன் வீடு அந்த வகைதான், கீழ அவன், மேல வாடகைக்கு) தெருவிலேருந்து பார்த்தா ஒரே வீடு மாதிரி தெரியணும்னு ஏற்பாடு. வாடகைக்குக் குடியிருக்கிறவன் இருக்கான்னு தெருவுக்குத் தெரியக்கூடாது. அதான் முன்னால ஒரே ஒரு வாசல் கண்ணுல படுது.

இதெல்லாம் அழகுக்காகன்னு நினைச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷமா அந்தத் தெருவுல நடந்திருக்கேன். அன்னைக்கு ராத்திரி அப்பா கேட்ட கேள்வியை வெச்சுப் பேசிக்கிட்டிருந்தப்ப, நண்பன் வீட்டோட பழைய பத்திர நகலை எடுத்துட்டு வந்தான்.

பத்திரத்துல ஒரு ஷரத்து. வீட்டை விக்கணும்னா வான் ஸ்வெரிஞ்சன் கம்பெனியோட எழுத்துப்பூர்வமான சம்மதம் வேணும். அது கிடைக்கலைன்னா, சுத்துப்பட்டு வீட்டுக்காரங்கள்ல பெரும்பான்மையானவங்க சம்மதிக்கணும்.

அவ்வளவுதான். கறுப்பர்னு ஒரு வார்த்தை இல்லை. யூதர்னு இல்லை. எந்த இனமும் இல்லை, மதமும் இல்லை. ரொம்ப நாகரிகமான ஷரத்து.

இது எப்படி வந்துச்சுன்னு தேடினேன். 1925ல டாக்டர் பெய்லின்னு ஒரு கறுப்பின மருத்துவர் ஹண்டிங்டன் தெருவுல வீடு வாங்கிக் குடும்பத்தோட குடிவந்தார். வீடு தாக்கப்பட்டுச்சு. கடைசியில அந்தக் குடும்பம் ஊரை விட்டே போக வேண்டியதாச்சு. அந்த வருஷமே பாதுகாப்புச் சங்கம்னு ஒண்ணு கிளம்பி, ஏற்கெனவே வித்த வீடுகளோட பத்திரத்துலயும் இந்தச் சம்மத ஷரத்தைச் சேர்த்துக்கச் சொல்லி வீடு வீடா ஆள் பிடிச்சது. நண்பன் வீடு 1927. ஷரத்தோடயே பிறந்த வீடு.

நாடு முழுக்க அப்ப இதுதான் நிலைமை. இந்த இனம் இந்தத் தெருவுலதான் இருக்கணும்னு ஊராட்சி சட்டம் போடக்கூடாதுன்னு 1917லயே உச்சநீதிமன்றம் சொல்லிடுச்சு. உடனே சட்டத்துல இருந்தது பத்திரத்துக்குள்ள புகுந்துக்கிச்சு. அது தனியார் ஒப்பந்தம், நாங்க தலையிட மாட்டோம்னு 1926ல அதே நீதிமன்றம் ஒதுங்கிடுச்சு. இனத்தைக் காட்டி விலக்குற பத்திர ஷரத்தை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாதுன்னு தீர்ப்பு வந்தது 1948ல, ஷெல்லி எதிர் கிரேமர் வழக்குல. வீடு விக்கிறதுல, வாடகைக்கு விடுறதுல இனம் பார்க்கிறதே குற்றம்னு சட்டம் வந்தது 1968ல.

"நாமெல்லாம் அப்ப வந்திருந்தா?"ன்னு தங்கமணி கேட்டா. 1923ல பகத் சிங் திண்ட் வழக்குல, இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, குடியுரிமை கிடையாதுன்னு உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொல்லியாச்சு. அது மாறினது 1946ல. 1927ல இந்த வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டினப்ப, இதுல ஒருநாள் ஒரு கும்பகோணத்துக்காரன் ரசத்துக்குத் தாளிப்பான்னு யாரும் நினைச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க.

இப்ப அப்பாவோட கேள்விக்கு வருவோம். அந்தப் பலகை எதுக்கு? எனக்குத் தோணுறது இதுதான். கூரையோட பாரத்தை அது தாங்கலை. ஆனா "நாங்க இங்க முந்தாநாள் வந்தவங்க இல்லை, ஆதியிலேருந்து இருக்கோம்"ங்கிற கதையைத் தாங்குச்சு. இருபது வருஷத்துக்கு முன்னாடி பிளாட் போட்ட இடம். குடிவந்தவன் பூரா புதுப் பணக்காரன். அவன் வாசல்ல நின்னு இன்னொருத்தனைப் பார்த்து "நீ வெளியாள்"னு சொல்லணும்னா, அவன் வீடாவது பழசா இருக்கணும் இல்லையா? பலகை ஒரு பக்கம், பத்திரம் ஒரு பக்கம். ரெண்டும் ஒரே ஆணியில அடிச்சது.

இதை வெச்சு டியூடர் பாணியே மோசம்னு சொல்ல வரலை. ஷாவோட வீட்டுக்கும் இந்தப் பத்திரத்துக்கும் சம்பந்தம் இல்லை. கூடத்துக் கணப்பு முன்னாடி உக்காந்து பேசுற சுகம் எனக்கும் பிடிக்கும். அந்த வீட்டைச் செஞ்ச கொத்தனார், தச்சர் கை சுத்தமான கை. பலகையை எதுக்குப் பயன்படுத்தினாங்கங்கிறதுதான் கேள்வி.

கதை அங்கயே நிக்கவும் இல்லை. 1956 ஜனவரியில லட்லோங்கிற பகுதியில ஜான் பெக்னு ஒரு கறுப்பின வழக்கறிஞர் கட்டிக்கிட்டிருந்த வீட்டோட கராஜுல குண்டு வெச்சாங்க. 1925ல நடந்த மாதிரி அந்தக் குடும்பம் தனியா நிக்கலை. அக்கம்பக்கத்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வந்தாங்க. அடுத்த வருஷம் லட்லோ சமூகச் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கறுப்பர் வந்தா வெள்ளைக்காரன் வீட்டை வித்துட்டு ஓடுவான்ங்கிறது அன்னைய நியதி. இவங்க ஓடாம இருந்தாங்க, புதுசா வர்றவங்களுக்கு வீடு வாங்கக் கடன் கொடுத்தும் உதவினாங்க. வெளியே அதே வேஷப் பலகைதான். உள்ள இருந்த ஆளுங்க மாறினாங்க.

வான் ஸ்வெரிஞ்சன் சகோதரர்கள் என்ன ஆனாங்கன்னு கேப்பீங்க. 1929 சரிவுல எல்லாம் போச்சு. தம்பி 1935லயும் அண்ணன் 1936லயும் கடனாளியாவே செத்தாங்க.

இவ்வளவையும் நான் சொல்லி முடிச்சப்ப மணி பதினொண்ணு. அப்பா ரொம்ப நேரமா ஒண்ணும் பேசலை. பத்திர நகலை மடியில வெச்சுக்கிட்டு அந்த ஷரத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் மெதுவா மகன்கிட்ட கேட்டார்.

"நம்ம மாடி போர்ஷனுக்கு ஒரு பையன் வந்தானே, பேங்க் வேலை. ஞாபகம் இருக்கா?"

நண்பன் தலையாட்டினான்.

"அவன்கிட்ட நான் ஜாதி கேக்கலைடா. சத்தியமாக் கேக்கலை. ஊர்ல எந்தத் தெருன்னு மட்டும்தான் கேட்டேன்."

யாரும் ஒண்ணும் சொல்லலை. எனக்கும் சென்னையில வீடு தேடின நாள் ஞாபகம் வந்துச்சு. என்கிட்டயும் அதே கேள்விதான் கேட்டாங்க, அந்த வீடும் கிடைக்கலை. அப்பாகிட்ட அதைச் சொல்லலை. அவரே கேட்டுக்கிட்ட கேள்விக்கு மேல நான் என்ன சொல்ல?

கொஞ்ச நேரம் கழிச்சு, "போர்டை மாத்தணும்"னார். மாடி போர்ஷன் இப்பவும் காலியா இருக்காம். வாசல்ல "சைவம் மட்டும்"னு போர்டு தொங்குதாம்.

மாத்தினாரான்னு நான் கேக்கலை. அவர் ஊருக்குத் திரும்பி ரெண்டு மாசம்தான் ஆகுது.

கிளம்புறப்ப அந்தப் பலகைத் துண்டை நண்பன்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். இப்ப என் புத்தக அலமாரி மேல இருக்கு. "அடுப்பெரிக்கவும் ஆகாது, இது எதுக்கு?"ன்னு தங்கமணி தினமும் கேக்குறா.

டிஸ்கி: அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதியிருக்கேன். "எழுதுடா, பேர் மட்டும் வேணாம்"னார். உங்க ஊர்ல, உங்க தெருவுல இந்த மாதிரி எதையும் தாங்காத உத்தரம் ஏதாச்சும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. நீங்க கேட்ட கேள்வியா இருந்தாலும் சரி, உங்களைக் கேட்ட கேள்வியா இருந்தாலும் சரி.